அரசியல் பேசாத ஏடு

1863ஆம் ஆண்டு, செப்டம்பர்த் திங்கள் 28ஆம் நாள். அமெரிக்க நாடு இரண்டாகப் பிளந்து, அண்ணன் மார்பைத் தம்பியின் துப்பாக்கியும் தம்பி மார்பை அண்ணனின் துப்பாக்கியும் குறிபார்த்துக் கொண்டிருந்த காலம். கெட்டிஸ்பர்க் களத்திலே மூன்றே நாட்களில், இரு தரப்பிலும் சேர்த்து ஏறத்தாழ 50 ஆயிரம் பேர் மாண்டும் காயமுற்றும் காணாமற் போயும் மூன்று திங்கள்கூட நிறையவில்லை. குடியரசுத் தலைவர் ஆபிரகாம் லிங்கனின் மேசைமீது படைத் தலைவர்களின் அறிக்கைகள், பதவி வேண்டுவோரின் விண்ணப்பங்கள், மகனை இழந்த தாய்மார்களின் மடல்கள்! அந்தக் குவியலை நோக்கி அன்று ஒரு கடிதம் புறப்பட்டது. எழுதியவர் பிலடெல்பியா நகரிலே வாழ்ந்த 74 வயதுக் கைம்பெண். படை வேண்டும் என்றோ பதவி வேண்டும் என்றோ அவர் கேட்டாரில்லை. நாடு முழுவதும் ஒரே நாளில் நன்றி கூறும் திருநாள் கொண்டாட வேண்டும், அதனைக் குடியரசுத் தலைவரே அறிவித்திட வேண்டும் என்று கேட்டிருந்தார்!

போர் முழக்கத்திடையே விருந்து கேட்கிறாளே இக்கிழவி என்று நகைக்கத் தோன்றுகிறதன்றோ? லிங்கன் நகைக்கவில்லை. ஐந்தே நாட்கள் கழித்து, அக்டோபர் 3ஆம் நாள், நவம்பர்த் திங்களின் கடைசி வியாழக்கிழமையை நன்றி கூறும் நாளாக நாடெங்கும் கொண்டாடுமாறு அறிக்கை வெளிவந்தது. வாசகத்தை வடித்துத் தந்தவர் வெளியுறவுச் செயலர் வில்லியம் சிவர்டு, கையொப்பமிட்டவர் லிங்கன். ஒரே கடிதம் அந்த அறிக்கையைப் பெற்றுத் தந்துவிட்டது என்று நாம் சொல்லவில்லை. கெட்டிஸ்பர்க் வெற்றிக்காக ஆகஸ்டுத் திங்களிலேயே ஒரு நன்றி நாளை லிங்கன் அறிவித்திருந்தார். ஆனால் ஆண்டுதோறும், ஒரே கிழமையில், எல்லா மாநிலங்களிலும் என்ற திட்டம் எவருடையது என்று தேடிப் போனால், அந்தக் கைம்பெண்ணின் வாயிலிலேதான் போய் நிற்க வேண்டும். லிங்கனுக்கு முன்பே டெய்லர், பில்மோர், பியர்ஸ், புக்கானன் என்ற குடியரசுத் தலைவர்களுக்கெல்லாம் எழுதிப் பார்த்தவர் அவர். ஆளுநர்களுக்கு எழுதியதற்கோ கணக்கில்லை. 17 ஆண்டுக் காலம் அலுக்காது, சலிக்காது, எழுதியதையே திரும்பத் திரும்ப எழுதிய பேனா அது!

சாரா ஜோசபா ஹேல் என்பது அம்மையாரின் பெயர். அமைச்சரா? இல்லை. செனட் சபையினரா? நாடாளுவோரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தலிலே பெண்ணுக்கு வாக்குச் சீட்டே இல்லாத காலமாயிற்றே அது! அவர் ஒரு திங்களிதழின் ஆசிரியர். அதுவும் எத்தகைய இதழ்? கைக்குட்டையில் பூவேலை செய்வது எப்படி, பழக்கூழ் பதப்படுத்துவது எப்படி, இவ்வாண்டு மேலங்கியின் கை எவ்வளவு உப்பியிருக்க வேண்டும் என்றெல்லாம் எடுத்துரைத்த மாதர் ஏடு!

தோழர்களே! இங்கே சற்று நிற்க வேண்டும். நம் படிப்பகங்களிலே நடப்பதை நாமறிவோம். நாளேடு வந்ததும் நாலு கைகள் நீளும். தலையங்கம் எவர் கைக்கு முதலில் என்பதிலே தகராறுகூட உண்டு. மாதர் இதழ் ஒன்று வந்தாலோ, 'அது வீட்டிலிருப்பவர்களுக்கு' என்று ஓரத்திலே ஒதுக்கப்படும். கோலமும் குழம்பும் தையலும் தானே, அதில் என்ன அரசியல் இருக்கப் போகிறது என்ற எண்ணம். இவ்வெண்ணம் எவ்வளவு பேதைமை வாய்ந்தது என்பதை, ஏறத்தாழ 70 ஆண்டுகள் உயிர் வாழ்ந்து மறைந்த அந்த அமெரிக்க ஏட்டின் வரலாறு நன்றாகவே எடுத்துக் காட்டும். எனவேதான் இந்த ஞாயிறன்று, தலைவர்களையும் தேர்தல்களையும் விட்டுவிட்டு, தையலூசிகளைப் பற்றிப் பேசத் துணிந்தோம்.

'கோடீஸ் லேடிஸ் புக்' என்பது அவ்வேட்டின் பெயர். கோடி என்பவரின் மாதர் ஏடு என்று பொருள். 1830இல் பிலடெல்பியாவில் அதனைத் தொடங்கியவர் லூயி அந்துவான் கோடி. பெயரே கோடி! கோடி குவித்தாரா என்று கேட்காதீர், பெருஞ்செல்வராகத்தான் மறைந்தார். இலக்கியப் புலமை மிக்கவர் அல்லர். ஆனால் எது விலைபோகும் என்பதை மூக்கால் முகர்ந்தே அறியக் கூடிய வணிகர். ஒவ்வோர் இதழிலும் புத்தம்புது உடைகளின் படம் ஒன்று, கையால் வண்ணம் தீட்டப்பட்டு வெளிவரும். அந்த வண்ணம் தீட்டுவதற்கென்றே 150 பெண்களுக்கு வேலை தந்திருந்தார். தீட்டுவோர் பலராயினமையால் ஒருத்தி வீட்டுக்கு வந்த படத்திலே நீலமாயிருக்கும் உடை, அடுத்த வீட்டுக்கு வந்த படத்திலே சிவப்பாயிருக்கும். இது என்ன குழப்பம் என்று வாசகியர் கேட்டபோது, பல வண்ணங்களையும் ஒப்பிட்டுப் பார்த்து நீங்களே தேர்ந்தெடுக்கத்தான் அவ்வாறு செய்தோம் என்று கோடி விடையிறுத்தார் என்றொரு செய்தி வழங்கி வருகிறது. வணிகர் என்றால் அவரல்லவோ வணிகர்!

ஆண்டுக் கட்டணம் 3 டாலர். அந்நாளில் அது சிறு தொகை அன்று. அப்படியிருந்தும் உள்நாட்டுப் போர் மூளுவதற்குச் சற்று முன்பு, 1860ஆம் ஆண்டளவில், திங்கள்தோறும் ஒன்றரை இலட்சம் படிகள் விற்றன. ஒரு படியை ஒருத்தி மட்டுமா படித்திருப்பாள்? அண்டை வீட்டாள் வாங்கிப் போவாள், தங்கைக்கு அஞ்சலிலே போகும், தையற்காரியின் கைக்குப் போய்க் கிழிந்து திரும்பும். எட்கர் ஆலன் போ, நதானியல் ஹாதார்ன், லாங்பெல்லோ போன்ற எழுத்துலகப் பெருமக்களும் அதிலே எழுதினர். புகழ்பெற்ற போவின் 'அமான்டில்லாடோ மதுப் பீப்பாய்' கதை 1846 நவம்பரில் வெளிவந்தது இந்தத் தையல் ஏட்டிலேதான்.

ஏட்டுக்குப் பொருள் தந்தவர் கோடி. உயிர் தந்தவர் ஹேல். நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் நியூபோர்ட் ஊரில் 1788இல் பிறந்தவர். பெண்ணுக்குக் கல்லூரிக் கதவு திறவாத காலம். அண்ணன் டார்ட்மவுத் கல்லூரியிலே கற்றதை விடுமுறைக்கு வந்து தங்கைக்குக் கற்பித்தான். அப்படிப் பெற்றதுதான் அவருடைய கல்வி! வழக்கறிஞர் டேவிட் ஹேலை மணந்தார். 1822இல் கணவர் மறைந்தார். நான்கு குழந்தைகள் கையிலே, ஐந்தாவது வயிற்றிலே. பெண்டிர் தொப்பிக் கடை வைத்துப் பார்த்தார். பின்னர்ப் பேனாவைப் பிடித்தார். 1827இல் 'நார்த்வுட்' என்ற புதினம். மறு ஆண்டே பாஸ்டனில் ஒரு மாதர் இதழின் ஆசிரியர் பொறுப்பு. அந்த இதழை 1837இல் விலைக்கு வாங்கித் தம் ஏட்டோடு இணைத்த கோடி, இவரையும் ஆசிரியராக்கினார். அன்று தொடங்கி 40 ஆண்டுகள்! 1877இல், 89ஆம் வயதை எட்டிக் கொண்டிருந்தபோதுதான் பேனாவைக் கீழே வைத்தார். கணவர் மறைந்த நாள் முதல் கறுப்புடையே அணிந்து வந்த அம்மையார், திங்கள் தவறாமல் வண்ண உடைப் படங்களை நாட்டுக்கு வழங்கிக் கொண்டிருந்தார் என்பது வேடிக்கையான முரண். உண்மையில் அப்படங்கள் அவருக்குப் பிடித்தமானவை அல்ல. கோடியின் கட்டாயத்துக்காகப் பொறுத்துக் கொண்டார்.

இனி, அந்த ஏட்டின் ஆற்றலைக் காண்போம். 1848ஆம் ஆண்டு இறுதியில் இலண்டன் பட ஏடு ஒன்று, அரசி விக்டோரியாவும் கணவர் ஆல்பர்ட்டும் குழந்தைகளுமாகக் கிறிஸ்துமஸ் மரத்தைச் சுற்றி நிற்கும் படத்தை வெளியிட்டது. ஈராண்டுகள் கழித்து, 1850 டிசம்பரில், அதே படம் கோடியின் ஏட்டில் வந்தது. அதே படந்தானா? உற்று நோக்குங்கள்! அரசியின் தலையிலிருந்த மணிமுடியைக் காணோம். ஆல்பர்ட்டின் மீசை மறைந்துவிட்டது. மார்பிலே கிடந்த அரச பட்டையும் போயிற்று. அரச குடும்பம் ஓர் அமெரிக்க நடுத்தரக் குடும்பமாகிவிட்டது! மன்னனை விரட்டிக் குடியரசு கண்ட நாட்டிலே மணிமுடி செல்லாது என்பதை அறிந்த கைகள், மணிமுடியைச் செதுக்கி எறிந்துவிட்டு மரத்தை மட்டும் உள்ளே கொண்டு வந்தன. ஜெர்மானியக் குடியேறிகளின் வீடுகளிலே மட்டும் பெரிதும் வழங்கி வந்த அவ்வழக்கம், அடுத்த தலைமுறைக்குள் அமெரிக்க வழக்கமாயிற்று. 'எங்கள் பாட்டன் காலத்திலிருந்தே இப்படித்தான்' என்று பின்னாளில் பெருமை பேசியவர்கள் எத்தனை பேரோ! அவர்களுடைய பாட்டிமார் அதை ஓர் ஏட்டிலே பார்த்துப் பழகினார்கள். தொன்று தொட்டு வருவது என்று சொல்லப்படுவதில் எத்தனையோ, இப்படி அச்சுப்பொறியிலே பிறந்தவை.

மணமகள் வெண்ணிற உடை உடுத்த வேண்டும் என்ற வழக்கமும் அப்படியே. விக்டோரியா 1840இல் வெள்ளுடையில் மணந்தார். 1849இல் கோடியின் ஏடு அதுவே பொருத்தமான நிறம் என்று எழுதியது. வீட்டின் அமைப்பு எப்படியிருக்க வேண்டும் என்பதற்கு வரைபடங்கள், தையற்பொறி வாங்குவதால் வரும் நன்மை... அடுக்கிக் கொண்டே போகலாம், அவற்றை விடுவோம்.

ஹேல் அம்மையார் வெறும் ஆடை அணிகலப் பெண்மணி என்று எண்ணி ஏமாந்துவிடக் கூடாது. பாஸ்டன் மாலுமிகளின் மனைவியர் துணி தைத்துத் தந்தும், முதலாளிகள் வீசியெறிந்த செல்லாக் காசிலே வயிறு காய்ந்து கிடந்தபோது, 1833இல் அவர்களுக்கென்று ஒரு துணைச் சங்கம் கண்டு, அவர்கள் தைத்ததைத் தாமே விற்க வழி செய்தவர் அவர். பங்கர் ஹில் நினைவுத் தூண், விடுதலைப் போரின் வீரச் சின்னம், 1825இல் கால்கோள் செய்யப்பட்டுப் பணமின்றி அரைகுறையாய் நின்றது. ஆண்கள் கூடினர், பேசினர், கலைந்தனர். 1840இல் ஹேல் பெண்களைக் கூட்டினார். ஏழு நாள் சந்தை நடத்தினார். பின்னல் வேலையும் பலகாரமும் பழக்கூழும் விற்றே 30 ஆயிரம் டாலர் திரட்டினார்! தூண் எழுந்தது. 1849இல் எலிசபெத் பிளாக்வெல் அந்நாட்டின் முதல் மருத்துவப் பட்டம் பெற்ற பெண்ணானபோது, பெண்ணுக்கு மருத்துவம் கற்பிக்க வேண்டும் என்று ஓயாது எழுதியது இவ்வேடு. மணமான பெண்ணின் சொத்து முழுவதும் கணவனுடையது என்ற சட்டத்தைச் சாடியது. பீர் வடித்துப் பொருள் சேர்த்த மாத்யூ வாசர் என்ற செல்வர் பெண்களுக்கெனக் கல்லூரி காண முனைந்தபோது, அதற்கு ஏட்டிலே இடமளித்து ஊக்கியவர் ஹேல். கல்லூரியின் பெயரிலே 'பெட்டைப் பால்' என்று பொருள்படும் சொல் ஒன்று ஒட்டிக் கொண்டிருந்தது. அது விலங்குக்கும் பொதுவான சொல்லாயிற்றே, அதை எப்படிப் பொறிக்கலாம் என்று வாசருக்கு விடாது எழுதினார். 1867இல் அச்சொல் பெயரினின்றும் நீக்கப்பட்டது. ஒரு சொல்தானே என்பீர்களா? சொல்லுக்காகப் போராடிய இயக்கத்தார் எவரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

இவ்வளவும் புகழ். இனிச் சொல்லப் போவதுதான் நெஞ்சை உறுத்துவது.

கோடி தம் ஏட்டுக்கு ஒரு சட்டம் வகுத்திருந்தார்: அரசியல் கூடாது, மதச் சண்டையும் கூடாது. அருமையான சட்டம் என்று தோன்றும். மங்கையர் மனத்திலே கசப்பை வளர்ப்பானேன் என்ற கருணை என்றுகூடத் தோன்றும். அந்நாட்டிலே அன்று அரசியல் என்றால் என்ன? 1860ஆம் ஆண்டுக் கணக்கின்படி ஏறத்தாழ 40 இலட்சம் மக்கள் அடிமைகள். சந்தையிலே நிறுத்தி விற்கப்பட்டவர்கள். தாய் ஒரு பண்ணைக்கும் மகள் ஒரு பண்ணைக்கும் என்று பிரித்து ஏலம் விடப்பட்டவர்கள். இதைப் பேசுவது 'அரசியல்'. எனவே கோடியின் ஏட்டிலே அது இல்லை. ஆனால் பருத்தி இருந்தது! படத்துக்குப் படம் மெல்லிய மஸ்லின் உடைகள், மடிப்பு மடிப்பாய், அடுக்கு அடுக்காய். அந்நாட்டு ஏற்றுமதியிலே பாதிக்கு மேல் பருத்தியாகவே இருந்த காலம் அது. அந்தப் பருத்தியைக் கொய்த விரல்கள் யாருடையவை? அதைப் பற்றி ஒரு வரி? தேடிப் பாருங்கள்.

தாய்மையின் உயர்வு குறித்துத் திங்கள்தோறும் உருகி எழுதிய ஏடு, குழந்தையைப் பறிகொடுத்துக் கதறிய கறுப்புத் தாயைக் கண்டும் காணாததுபோல் இருந்ததே, அதை என்னென்பது!

மறந்து போய்ப் பேசாதிருந்தார்கள் என்று சமாதானம் கூறவும் வழியில்லை. 'கிரேஸ் கிரீன்வுட்' என்ற புனைபெயரிலே எழுதிய சாரா ஜேன் கிளார்க் என்ற இளம் எழுத்தாளர் அவ்வேட்டின் துணையாசிரியராகப் பெயர் போடப்பட்டிருந்தார். அவர் வாஷிங்டனிலிருந்து வெளிவந்த 'நேஷனல் ஈரா' என்ற அடிமை ஒழிப்பு ஏட்டிலும் எழுதினார். தென்பகுதி ஏடு ஒன்று சீறியது: அடிமை ஒழிப்புக்காரிக்கு உங்கள் ஏட்டிலே இடமா, எங்கள் பெண்டிர் இதை வாங்க வேண்டுமா என்று. 1850ஆம் ஆண்டு, கோடி பணிந்தார். அப்பெண்ணின் பெயரை எடுத்துவிட்டதாகத் தென்பகுதியாருக்கு உறுதியும் தந்தார். வெட்கத்தோடு செய்திருந்தாலாவது இரக்கம் கொள்ளலாம். அரசியல் கூடாது என்ற சட்டம், அடிமை வைத்திருந்தோரின் அரசியலுக்கு அணைகட்டவில்லை. அவர்களை எதிர்த்தவளை வெளியேற்ற மட்டுமே பயன்பட்டது.

ஹேல் அம்மையாருக்கு அடிமை முறையிலே விருப்பமிருந்தது என்றும் சொல்ல முடியாது. அது தீது என்றே கருதினார்; தம் சொந்த நூல்களிலே எழுதவும் செய்தார். ஆனால் அவர் கண்ட தீர்வு எது? விடுதலை பெற்ற கறுப்பரைக் கப்பலேற்றி ஆப்பிரிக்காவின் லைபீரியாவுக்கு அனுப்பி விடுவது! 1853இல் இதற்கென்றே ஒரு நூல் எழுதினார். தலைமுறை தலைமுறையாய் உழைத்து ஒரு நாட்டை வளமாக்கியவனைப் பார்த்து, உனக்கு விடுதலை, ஆனால் வெளியேறு என்பது நீதியா? அடிமையாய்ப் பிறந்து தப்பி வந்து தலைவரான பிரெடரிக் டக்ளஸ் இத்திட்டத்தைக் கடுமையாக எதிர்த்தார். எதிர்த்ததிலே வியப்பென்ன!

1861இல் போர் மூண்டது. நான்காண்டுகள். ஆறு இலட்சத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். கோடியின் வாசகியரில் கணவனை இழக்காதவள், மகனை இழக்காதவள், தம்பியை இழக்காதவள் எத்தனை பேர்? அவள் கறுப்புடை உடுத்தி நடுங்கும் கையோடு அவ்வேட்டைத் திறந்தால், அதிலே போர் இல்லை! உடைப் படம் இருந்தது. சமையற் குறிப்பு இருந்தது. வீட்டு வரைபடம் இருந்தது. வீடுதான் இல்லை.

அம்மௌனத்துக்கு விலையாகக் கிடைத்ததேனும் நிலைத்ததா? தென்பகுதிச் சந்தாக்களைக் காப்பாற்றத்தானே 1850இல் ஒரு பெண்ணின் பெயரை அழித்தார் கோடி? 1861 ஜூன் தொடக்கத்தில், பிரிந்து போன மாநிலங்களுக்கு அஞ்சல் போக்குவரத்தையே அரசு நிறுத்திவிட்டது. பதினோராண்டுக் காலம் நாவை அடக்கிச் சேர்த்து வைத்த சந்தாக்கள், ஓர் ஆணையிலே போயின!

இங்கே ஒரு தோழர் குறுக்கிட்டுக் கேட்கக் கூடும். 'அடிமை முறையைத் தாக்கி எழுதியிருந்தால் ஒன்றரை இலட்சம் ஐம்பதாயிரமாகியிருக்கும். அப்பால் பெண் கல்வி பேச அவருக்கு மேடை ஏது?' நியாயமான கேள்விதான்; தள்ளிவிடக் கூடியதன்று. மருத்துவம் கற்ற பெண்ணை மதிக்கக் கற்றுக் கொண்ட வீடுகளிலே பல, ஊர்வலம் போனவர்கள் நுழைய முடியாத வீடுகள். எனினும் மறுபக்கத்தையும் பாருங்கள். கோடியின் ஏட்டிலே கதை எழுதி வந்தவர்களில் ஒருவர் ஹேரியட் பீச்சர் ஸ்டோ. அவர் 1851இல் ஒரு தொடர்கதை எழுதத் தொடங்கினார். வெளிவந்தது 'நேஷனல் ஈரா'வில். 'டாம் மாமாவின் குடிசை' என்ற அக்கதை 1852இல் நூலாகி, ஓராண்டுக்குள் அமெரிக்காவில் மட்டும் மூன்று இலட்சம் படிகள் விற்றது. அதே பெண்கள், அதே வீடுகள், அதே விளக்கொளி! கேட்க விரும்பாதவர்கள் என்று கோடி யாரை எண்ணினாரோ, அவர்களில் எத்தனையோ பேர் கண்ணீர் சிந்தி அதைப் படித்தார்கள். வாசகி எதைத் தாங்க மாட்டாள் என்று தீர்ப்பளித்தது வாசகியல்ல, கல்லாப் பெட்டி.

வாக்குரிமையிலும் இதே கதை. 1848இல் செனிகா பால்ஸ் ஊரிலே பெண்கள் மாநாடு கூட்டி வாக்குரிமை கேட்டனர். ஹேல் இறுதிவரை அதை ஆதரிக்கவில்லை. பெண் ஆசிரியராகலாம், மருத்துவராகலாம். வாக்களித்தால் மட்டும் மாசு படிந்து விடுமாம்! 30 ஆயிரம் டாலர் திரட்டத் தெரிந்த பெண்ணுக்கு, அதை எப்படிச் செலவிடுவது என்று சொல்ல உரிமையில்லை என்பது எந்த ஊர் நியாயமோ. வாக்குரிமைக்காகவே எலிசபெத் கேடி ஸ்டான்டனும் சூசன் அந்தோணியும் 1868இல் ஓர் ஏடு கண்டனர். 'புரட்சி' என்பது அதன் பெயர். வாங்கியோர் ஏறத்தாழ மூவாயிரம் பேர். சில ஆண்டுகளில், அந்தோணியின் தலையிலே 10 ஆயிரம் டாலர் கடனைச் சுமத்திவிட்டு அது ஓய்ந்தது. ஊர் ஊராகச் சொற்பொழிவாற்றி அக்கடனைத் தீர்த்தார் அந்த அம்மையார். கடன் வாங்கி ஏடு நடத்திய அனுபவம் உள்ளவர்களுக்கு அது எத்தகைய நடை என்பது தெரியும்.

சரியானதைச் சொன்ன ஏட்டுக்கு மூவாயிரம். சொல்லாது விட்ட ஏட்டுக்கு ஒன்றரை இலட்சம். 'புரட்சி'யைத் தாழ்த்த இதை எழுதவில்லை. 1920இல் அரசியல் சட்டத் திருத்தமாக வென்றது அதன் கொள்கைதானே! ஆனால் அந்த வெற்றிக்கு அரை நூற்றாண்டு பிடித்ததற்கு, அடுப்படியிலே படிக்கப்பட்ட ஏடுகள் அத்தனையும் மௌனமாயிருந்ததோ எதிர்த்ததோ ஒரு காரணம் அன்று என்று யாரால் கூற முடியும்?

நன்றி நாளுக்குத் திரும்புவோம். அதிலே அரசியல் இல்லை என்றுதான் ஹேல் எண்ணினார். ஒரே நாளில் வடக்கும் தெற்கும் விருந்துண்டால் பகை கரையும் என்பது அவர் கனவு. 1856இல் வர்ஜீனியா ஆளுநர் ஹென்றி வைஸுக்கு எழுதியபோது, அவர் மறுத்துவிட்டார். இந்த நாடகமெல்லாம் பாதிரிமார் மேடையேறி அரசியல் பேசத்தான் துணை செய்கிறது என்று எரிந்து விழுந்தார். அடிமை முறையைக் கட்டிக் காத்த ஆளுநருக்கு, ஓர் உணவு நாளிலே கூட அரசியல் தெரிந்தது! எழுதியவருக்குத் தெரியாதது, எதிரிக்குத் தெரிந்தது. விருந்து வென்றது, பகை கரையவில்லை.

பின்னாளில் அத்திருநாளைக் கடைக்காரர்கள் எடுத்துக் கொண்டனர். 1939இல், கிறிஸ்துமஸ் வாணிகத்துக்கு நாள் போதவில்லை என்ற வணிகர்களின் முறையீட்டைக் கேட்டு, ரூஸ்வெல்ட் அதனை ஒரு கிழமை முன்னுக்குத் தள்ளினார். ஏறத்தாழப் பாதி மாநிலங்கள் ஏற்க மறுத்தன. நாட்டிலே இரண்டு நன்றி நாட்கள்! 1941இல் சட்டம் இயற்றி நான்காம் வியாழன் என்று முடிவு கட்டினர். 1970 முதல் அதே நாளில், பிளிமத் ஊரிலே, செவ்விந்தியப் பழங்குடியினர் கூடித் துக்க நாள் நடத்தி வருகின்றனர். தங்கள் நிலத்திலே வந்து குடியேறியவர்களின் விருந்து, அவர்களுக்கு எப்படி இனிக்கும்?

கோடியின் ஏடு 1877இல் கைமாறியது. மறு ஆண்டு கோடியும், 1879இல் ஹேலும் மறைந்தனர். 1898இல் ஏடும் மறைந்தது. அதற்குள் வேறு மாதர் இதழ்கள் தோன்றி அதனினும் பெரிதாய் வளர்ந்துவிட்டன. அவற்றிலே ஒன்று 1883இல் பிறந்த 'லேடிஸ் ஹோம் ஜர்னல்'. அதன் பெரும்புகழ் ஆசிரியர் எட்வர்டு போக், போலி மருந்து விளம்பரங்களை 1892இலேயே விரட்டியடித்து, மருந்து மோசடியை எதிர்த்துப் போரிட்டவர். பெண்ணின் வாக்குரிமையையோ அவரும் எதிர்த்தார்! ஹேல் விட்ட இடத்திலேயே நின்று கொண்டிருந்தார் என்க.

ஆனால் 1970 மார்ச் 18ஆம் நாள், நியூயார்க் நகரிலே அவ்வேட்டின் ஆசிரியர் ஜான் மேக் கார்ட்டரின் அறைக்குள் நூற்றுக்கு மேற்பட்ட பெண்கள் புகுந்தனர். பெண்கள் ஏட்டுக்கு ஆண் ஏன் ஆசிரியர், கறுப்பினப் பெண்களுக்கு ஏன் வேலையில்லை, பணிபுரியும் தாய்மாருக்குக் குழந்தைக் காப்பகம் எங்கே, பெண்ணை இழிவுபடுத்தும் விளம்பரம் எதற்கு என்று கேட்டனர். ஓர் இதழை முழுவதும் எங்களிடம் தாரும், நாங்கள் எழுதிக் காட்டுகிறோம் என்றனர். பதினொரு மணி நேரம் நகரவில்லை. நாடாளுமன்றத்தையோ வெள்ளை மாளிகையையோ அன்று அவர்கள் முற்றுகையிடவில்லை; சமையற் குறிப்பு வெளியிடும் ஓர் அலுவலகத்தை முற்றுகையிட்டார்கள். ஏறத்தாழ 70 இலட்சம் படிகள் புறப்பட்டுச் சென்ற வாயில் அது என்பதை அறிந்தவர்கள் அவர்கள்.

முழு இதழ் கிடைக்கவில்லை. ஆகஸ்டு இதழிலே எட்டுப் பக்கங்கள் கிடைத்தன. எழுதியதற்கு 10 ஆயிரம் டாலரும் கிடைத்தது. பெண் ஆசிரியர் வேண்டும் என்ற கோரிக்கைக்கு அன்று விடை கூறப்படவில்லை. 1973இல் கார்ட்டர் விலகியபோது அந்த நாற்காலியிலே அமர்ந்தவர் லெனோர் ஹெர்ஷி என்ற பெண்மணி; முற்றுகை நாளன்று அதே அறையிலே, கார்ட்டரின் பக்கத்திலிருந்து முற்றுகையிட்டவர்களோடு வாதாடிக் கொண்டிருந்தவர்.